மாலை போட்ட மூன்றாம் நாள்: பினாங்குக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இது 2023 ஆகஸ்டிலிருந்து 2025 மார்ச் வரை மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு குடும்பத்தில் நடந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் கிடையாது, ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களின் வீட்டாரோடு உட்கார்ந்து பேசும் தன்னார்வ ஆலோசகர் நான், மருத்துவர் இல்லை. மருத்துவம் பற்றி இங்கே வருவதெல்லாம் டாக்டர்கள் அந்தக் குடும்பத்துக்கு விளக்கிச் சொன்னவை. எழுதத் தூண்டிய காரணம் இதுதான்: தைப்பூசத்துக்கு மாலை போட்டுக் குடியை நிறுத்துகிறவர்கள் நம்மில் ஏராளம், அவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆனால் காலையில் ஒரு மடக்கு இல்லாமல் கை நிற்காது என்ற நிலைக்குப் போய்விட்டவருக்கு அப்படி ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்பது பல வீடுகளில் தெரிவதில்லை.

பின்னணி

கணவருக்கு அப்போது 47 வயது. பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், பதினைந்து வருட சர்வீஸ். மனைவிக்கு 43, எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, ஃபேக்டரி பஸ்ஸில் போய் வருவார். மகளுக்கு 19, மகனுக்கு 13. கணவரின் அம்மாவும் கூடவே இருக்கிறார். ஆயர் ஈத்தாம் பக்கத்தில் பிளாட் வீடு, பதினோராவது மாடி.

அவருடைய அப்பா செபராங் பிறையில் தோட்டத்தில் வேலை பார்த்தவர், சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போய் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர். அந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்ததால் இவர் நீண்ட காலம் அளவாகத்தான் குடித்தார். நண்பர்களோடு வாரக் கடைசியில் பீர், விசேஷங்களில் கொஞ்சம் விஸ்கி. மாறியது 2020இல். மார்ச் 18 அன்று கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கிடங்கு மூடப்பட்டு, ஓவர்டைம் போய், எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோது தினசரிக் குடி ஆரம்பித்தது. கிடங்கு திரும்பத் திறந்தபோது தினசரிக் குடி மட்டும் நிற்கவில்லை. கையில் காசு குறைந்ததும் பீரோடு சம்சு என்ற உள்ளூர் சாராயமும் சேர்ந்துகொண்டது, ஏனென்றால் அதுதான் மலிவு.

என்ன கவனிக்கப்பட்டது

முதலில் வந்தவர் மனைவி, தனியாக. அவர் கேட்ட முதல் கேள்வியை இதே வேலையில் இருக்கும் யாரும் கேட்டிருப்பார்கள்: "சாப்பாட்டுல தெரியாமக் கலந்து குடுக்குற மாதிரி மருந்து ஏதாவது இருக்காங்க?"

வேண்டவே வேண்டாம் என்று சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். டைசல்ஃபிராம் போன்ற மாத்திரை சாராயம் உடம்பில் முறியும் வேலையைப் பாதியில் தடுத்துவிடும். அசிட்டால்டிஹைடு என்ற நச்சு தேங்கி முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு உயிரே போகலாம். அதைத் தெரிந்தே சாப்பிடுகிறவர் குடிக்காமல் தன்னைக் காத்துக்கொள்வார். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போலக் குடிப்பார். கடையில் "குடியை மறக்க வைக்கும் பொடி" என்று விற்பதில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. அதோடு, என்றைக்காவது உண்மை தெரிந்தால் அப்புறம் அந்த வீட்டில் அவர் ஒரு வாய் சோறு நம்பிச் சாப்பிடுவாரா?

அளவைப் பற்றிக் கேட்டபோது "ரொம்பக் குடிப்பாருங்க" என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை, அதனால் வீட்டுக் குப்பையை ஒரு வாரம் கவனித்து எழுதி வரச் சொன்னேன். சாதாரண நாளில் 320 மில்லி பீர் டின் நான்கு, சம்சு தட்டை பாட்டில் ஒன்று. 5 சதவீத பீர் டின் ஒன்றில் சுமார் 12.6 கிராம் சாராயம் இருக்கிறது. அந்த 150 மில்லி சம்சு பாட்டிலின் லேபிளில் 37 சதவீதம் என்று போட்டிருந்தது, அதாவது சுமார் 44 கிராம். மொத்தம் ஒரு நாளைக்கு 94 கிராம் போல வருகிறது. குடிப்பழக்கத்தை அளக்கும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆடிட் வினாப்பட்டியல் 10 கிராமை ஓர் அளவு என்று கணக்கிடுகிறது, ஆக ஒன்பது அளவுக்கு மேல், தினமும்.

அளவை விட முக்கியமான இரண்டு விஷயங்களை மனைவி போகிற போக்கில்தான் சொன்னார். காலையில் பல் தேய்க்கும்போது கை நடுங்குகிறது, சம்சுவில் ஒரு மடக்கு உள்ளே போனதும் நின்றுவிடுகிறது. முந்தைய ஆண்டு காய்ச்சலில் படுத்துக் குடிக்காமல் இருந்த ஒருநாள் இரவு முழுக்கச் சட்டை நனைய வியர்த்துக்கொட்டி, தூங்காமல் நடந்துகொண்டே இருந்தார். இந்த இரண்டும் உடம்பே குடிக்குப் பழகிவிட்டதைச் சொல்லும் அடையாளங்கள். மூளை பல மாதங்களாகச் சாராயத்தின் மந்தத்துக்கு ஈடாகத் தன்னைத் தூண்டிக்கொண்டே வேலை செய்கிறது. சாராயம் திடீரென்று நின்றால் அந்தத் தூண்டல் மட்டும் கட்டுப்பாடின்றி மிஞ்சும். நடுக்கமும் வியர்வையும் சில மணி நேரத்தில் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். சித்தம் கலங்கி, இல்லாததெல்லாம் தெரியும் நிலை பொதுவாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்.

வீட்டார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் எழுதினோம். திங்கட்கிழமை காலைகளில் சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டு "வயித்துப்போக்கு" என்று சொல்வது மனைவி. ஆலோங் என்னும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் வாங்கிய கடனில் 3,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டியது மனைவியின் தம்பி. "என் மகன் வீட்டுலதானே குடிக்கிறான், யாருக்கு என்ன கெடுதல்" என்று பக்கத்து வீட்டாரிடம் பேசுவது மாமியார். சம்சு வாங்கக் கடைக்குப் போவது 13 வயது மகன். 2017 டிசம்பர் 1 முதல் 21 வயதுக்குக் கீழ் யாருக்கும் மது விற்கக் கூடாது என்ற விதி இருந்தும், அவன் அப்பாவின் பிள்ளை என்று கடைக்காரருக்குத் தெரியும் என்பதால் கொடுத்துக்கொண்டிருந்தார். நான்கு பேரும் அன்பினால்தான் இதைச் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீட்டின் சக்தி முழுவதும் ஒன்றை மறைப்பதிலேயே செலவாகிக்கொண்டிருந்தது.

எடுத்த முடிவுகள்: ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை

முதலில் பாதுகாப்பு. அடித்ததில்லை, பொருள்களை உடைப்பார் என்றார் மனைவி. சரி, அடிக்காதவர் நாளைக்கும் அடிக்க மாட்டார் என்று நம்பி உட்கார முடியாது. அடையாள அட்டைகள், பிறப்புப் பத்திரங்கள், கொஞ்சம் பணம் எல்லாம் ஒரு பையில் போட்டு எதிர் வீட்டு அக்காவிடம் வைக்கப்பட்டன. 15999 என்ற தாலியான் காசே அரசு உதவித் தொலைபேசி எண் மகளின் ஃபோனிலும் மனைவியின் ஃபோனிலும் ஏறியது. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் அவசரப் பாதுகாப்பு ஆணை வாங்க முடியும், அதற்குச் சமூகநல அதிகாரியிடமே போகலாம் என்பதையும் சொல்லிவைத்தேன். மோட்டார் சைக்கிள் சாவி சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு மனைவியிடம் இருக்கும் என்று ஒரு நல்ல காலையில் பேசி அவரையே ஒத்துக்கொள்ள வைத்தார்கள். 2020 அக்டோபரில் இரத்தச் சாராய வரம்பு 100 மில்லிக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைக்கப்பட்டு, முதல் தடவை பிடிபட்டாலே 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம் என்று வந்ததை அவர் கிடங்கில் எல்லாரும் பேசிக் கேட்டிருந்தார், அதனால் இதில் அதிகம் தகராறு இல்லை.

அடுத்தது, மறைப்பதை நிறுத்துவது. இது தண்டனை இல்லை என்பதை மனைவிக்குப் புரியவைக்கத்தான் நேரம் பிடித்தது. சூப்பர்வைசருக்கு இனி அவரே ஃபோன் செய்வார். தம்பி இனி ரொக்கம் தர மாட்டார். உதவ வேண்டும் என்றால் மின்சாரக் கட்டணத்தையோ பையனின் பள்ளி வேன் காசையோ நேராகக் கட்டுவார். மகன் கடைக்குப் போக மாட்டான், அதைக் கடைக்காரரிடம் மாமியாரே போய்ச் சொன்னார், எனக்கு ஆச்சரியம்தான். போதையில் விழுந்து கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள், மூச்சைப் பார்ப்பார்கள், அதற்கு மேல் அந்த இரவில் எந்தப் பேச்சும் கிடையாது.

பேச்சுக்கு வேறு நேரம் குறித்தோம். ஞாயிறு காலை சந்தைக்குப் போய் வந்த பிறகு பத்து மணி போல அவர் ஓரளவு தெளிவாக இருப்பார். அப்போது சின்னதாக, ஒரே ஒரு விஷயம். மனைவி பழகிப் பழகிச் சொன்னது இப்படி இருந்தது: "ஏங்க, வியாழக்கிழமை நீங்க குடிக்காம தம்பிகூட உட்கார்ந்து பந்து பார்த்தீங்கள்ல, எனக்கு மனசு நிறைஞ்சிடுச்சு. இன்னொரு நாள் அப்படி இருந்தீங்கன்னா நான் ஷிப்ட் மாத்திக்கிட்டு வந்து கூட உட்காருவேன்." முன்பெல்லாம் இதே விஷயம் ராத்திரி பதினொரு மணிக்கு, "உங்கப்பன மாதிரியே ஆயிட்டீங்க" என்று வரும்.

இந்த அணுகுமுறை என் சொந்தச் சரக்கில்லை. அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் என்ற குடும்பப் பயிற்சி முறை இது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு வர மறுத்த குடியர்களின் குடும்பத்தார் 130 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் தங்கள் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் கூடி எதிரே உட்கார வைத்துக் கேட்கும் முறையில் 30 சதவீதம். குடும்பத்தார் ஒதுங்கித் தங்களைப் பார்த்துக்கொள்ளும் முறையில் 13 சதவீதம். "அவரா திருந்தினாத்தான் உண்டு" என்று நம் ஆட்கள் கைவிரிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள் நினைவுக்கு வரும். அவர் மனம் மாறும் வரை வீட்டார் சும்மா காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த முறையில் இன்னொரு பாடமும் உண்டு: அவர் "சரி, போகலாம்" என்று சொல்லும் நிமிடத்துக்கு எல்லாம் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நிமிடம் மறுநாள் இருக்காது. எந்த அரசு கிளினிக், எத்தனை மணிக்குப் போனால் டாக்டரைப் பார்க்கலாம், யார் கூடப் போவது எல்லாம் முடிவாகியிருந்தது. கட்டணம் 1 வெள்ளி. அங்கிருந்து மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்க வேண்டும்.

செப்டம்பர், அக்டோபரில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அவரே ஃபோன் செய்ய வேண்டியிருந்ததால் திங்கட்கிழமை லீவு குறைந்தது, அவ்வளவுதான். நவம்பர் 12, தீபாவளி. மதியத்துக்குள் போதை ஏறி, வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் தட்டை வீசினார். மகள் துணிப்பையோடு பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

விரதமும் வலிப்பும்

மகள் போனது அவரை உலுக்கியது. சில நாள் கழித்து, "தைப்பூசத்துக்கு மாலை போடப்போறேன், காவடி எடுக்குறேன், இனிமே தொட மாட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார். 2024 தைப்பூசம் ஜனவரி 25. 48 நாள் விரதம் என்று கணக்குப் போட்டு டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை கோயிலில் மாலை போட்டுக்கொண்டார். கடைசியாகக் குடித்தது வியாழக்கிழமை இரவு பதினொரு மணிக்கு. அந்த வீட்டில் பல வருடங்களுக்குப் பிறகு வந்த சந்தோஷம் அது. யாரும் டாக்டரிடம் கேட்க நினைக்கவில்லை, ஏன் நினைக்க வேண்டும், சாமிக்கு மாலை போட யாராவது டாக்டரைக் கேட்பார்களா?

வெள்ளி சாயங்காலமே நடுக்கம் கூடியது. வியர்வை, குமட்டல், ஒரு வேளைச் சைவச் சாப்பாடும் உள்ளே தங்கவில்லை. "விரதம் ஆரம்பிச்சா உடம்பு சுத்தமாகும், அப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மா. இரவு தூக்கமே இல்லை. சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணி போல, அதாவது கடைசி மடக்குக்குச் சுமார் 30 மணி நேரம் கழித்து, ஹாலில் விழுந்து வலிப்பு வந்தது. மேசை விளிம்பில் தலை பட்டது. அம்மா கையில் இரும்புச் சாவியைத் திணித்தார், எதிர் வீட்டுக்காரர் வாயில் கரண்டி வைக்கப் போனார். மகன்தான் 999க்கு அடித்தான். அந்தப் பக்கம் பேசியவர் சொல்லச் சொல்ல, சாமான்களை நகர்த்தி, கரண்டியை எடுக்கச் சொல்லி, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல் பார்த்துக்கொண்டான். 13 வயது.

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று குடிப்பாரா என்பது. மாமியார் உடனே, "இல்லைங்க டாக்டர், மாலை போட்டிருக்கான்" என்றார். இங்கேதான் இந்த நிகழ்வு முழுவதும் திரும்பியது என்று நினைக்கிறேன். மனைவி மாமியாரைத் தாண்டி முன்னால் வந்து, "வியாழக்கிழமை ராத்திரி பதினொரு மணி வரைக்கும் குடிச்சாரு, நாலு டின் பீர், ஒரு பாட்டில் சம்சு, மூணு வருஷமா தினமும். காலையிலயும் குடிப்பாரு" என்று அப்படியே சொன்னார். தலையில் அடிபட்டிருந்ததால் ஸ்கேன் எப்படியும் எடுத்திருப்பார்கள். ஆனால் வலிப்புக்குக் காரணம் குடி நின்றதுதான் என்பது தெரிந்த உடனே நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயாசிபாம் மருந்தைத் தொடங்கியதும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னாலேயே தயாமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போட்டதும், அடுத்த இரண்டு மூன்று நாள்தான் ஆபத்து என்று கண்காணிப்பு வார்டில் வைத்ததும் அந்த ஒரு பதிலால். நீண்ட நாள் குடித்தவர்களுக்கு பி1 வற்றிப்போயிருக்கும். அந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் நடை தள்ளாடி, கண் ஓடாமல், கடைசியில் நினைவாற்றலே நிரந்தரமாகப் போய்விடலாம் என்று டாக்டர் பிறகு விளக்கினார். நான்கு மாதமாகச் சூப்பர்வைசருக்குப் பொய் சொல்லாமல் இருந்து பழகியவர் என்பதால்தான் அந்த நேரத்தில் வாயில் உண்மை வந்தது என்று மனைவி என்னிடம் சொன்னார்.

மருத்துவமனையில்

ஞாயிறு இரவு சித்தம் கலங்கியது. போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார், இறந்துபோன அப்பாவோடு சண்டை போட்டார், நாடித் துடிப்பு எகிறியது, மருந்தைக் கூட்டினார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரைப் பறிக்கக்கூடிய கட்டம் அது. செவ்வாய்க்கிழமை மாலைதான் மகனை அடையாளம் தெரிந்து பேசினார். மொத்தம் ஒன்பது நாள் வார்டில்.

அம்மாவின் மனதில் இது வேறு கதையாக ஓடியது. மாலையைக் கழற்றினார்கள், விரதம் முறிந்தது, சாமி குத்தம், காற்று கருப்பு ஏதோ பிடித்திருக்கிறது, பூசாரியை அழைத்து வர வேண்டும். அவரோடு வாதாடுவதில்லை என்று முடிவெடுத்தோம். நெற்றியில் திருநீறு பூச நர்ஸ் அனுமதித்தார். மனைவியின் தம்பி, மாலை போட்டுவிட்ட கோயில் பெரியவரைப் பார்த்து நடந்ததைச் சொல்ல, அவர் அன்று மாலையே அம்மாவுக்கு ஃபோன் செய்தார்: "உடம்பு தேறட்டும்மா. முருகன் தண்ணீர்மலையில்தான் இருப்பார், அடுத்த வருஷம் வரட்டும்." டாக்டர் சொல்லியும் நான் சொல்லியும் இறங்காத பாரம் அந்த ஒரு வார்த்தையில் இறங்கியது. நம் குடும்பங்களில் யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்று பார்த்து அவரைத் தேடிப் போவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

தெளிந்த பிறகு நர்ஸ் அவரோடு ஆடிட் வினாப்பட்டியலைப் பூர்த்தி செய்தார். 40க்கு 29. 20ஐத் தாண்டினாலே அடிமை நிலை இருக்கலாம் என்று சோதிப்பார்கள். எண்ணைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இது என் கொழுப்பு இல்லையா?" என்று கேட்டாராம்.

வீடு திரும்பிய பிறகு

கல்லீரல் பரிசோதனை எண்கள் இறங்கும் வரை பொறுத்து, மனநலப் பிரிவு டாக்டர் நால்ட்ரெக்சோன் தொடங்கினார், தினம் 50 மில்லிகிராம். குடித்தால் கிடைக்கும் கிளுகிளுப்பை அது மட்டுப்படுத்தும். குமட்டவைக்கும் மாத்திரை அல்ல. வலுவான வலிமருந்து எதையும் யாராவது தரப்போனால் இந்த மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்ல வேண்டும் என்பதால் பர்ஸில் ஒரு சீட்டு வைத்துக்கொண்டார்.

வேலை விஷயத்தில் அவரே சூப்பர்வைசரைப் பார்த்து உண்மையைச் சொன்னார். வார்டில் இருந்த நாள்களுக்கு மருத்துவமனை விடுப்பு கிடைத்தது. சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள் வரை ஊதியத்தோடு அது உண்டு. டாக்டர் கடிதத்தின் பேரில் சில மாதம் ஃபோர்க்லிஃப்டில் ஏறாமல் சரக்கு எண்ணும் வேலை. கூட வேலை செய்கிறவர்களில் சிலர் கிண்டல் செய்தார்கள், அது அவரை மிகவும் வாட்டியது, வேறு வேலை தேடலாமா என்றுகூட யோசித்தார்.

குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு ஒரு முறை போய், ஆங்கிலத்தில் நடந்ததால் வாய் திறக்காமல் திரும்பினார். பிறகு தமிழ்நாட்டுக் குழு ஒன்றின் இணையவழிக் கூட்டத்தில் சேர்ந்தார். அவர்களுக்கு இரவு ஏழரை என்றால் இங்கே பத்து மணி, முன்பு சம்சு திறந்துகொண்டிருந்த நேரம். ஊர் தெரியாத ஆட்கள் தமிழில் தன் கதையையே சொல்வதைக் கேட்டது மாத்திரையை விட உதவியது என்பது அவர் கருத்து. இரண்டும் சேர்ந்துதான் உதவியது என்பது என் கருத்து.

மறுபடி குடித்தது

2024 மே மாதம் நெருங்கிய நண்பர் ஒருவர் இறந்தார். பதினாறாம் நாள் காரியத்தன்று சேர்ந்தவர்களோடு குடித்தார், தொடர்ந்து நான்கு நாள். மாத்திரையை அதற்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

இதற்கு வீடு தயாராக இருந்தது. மறுபடி குடிப்பது நடக்கக்கூடியது என்று பிப்ரவரியிலேயே அவரையும் வைத்துப் பேசி ஒரு தாளில் எழுதியிருந்தார்கள்: திட்டுவதில்லை, பணம் தருவதில்லை, தினமும் குடிக்கத் தொடங்கியிருந்தால் வீட்டிலேயே சட்டென்று நிறுத்த விடுவதில்லை, உடனே டாக்டர். கடைசி வரி அவர் கையெழுத்தில் இருந்தது. ஒருமுறை வலிப்பும் சித்தக் கலக்கமும் வந்தவருக்கு அடுத்தடுத்த நிறுத்தங்கள் இன்னும் கடுமையாக வரலாம் என்பதால் டாக்டர் வீட்டில் வைத்துச் சாப்பிட மருந்து தராமல் வார்டில் சேர்த்தார். நான்காம் நாள் நடுக்கம் அடங்கி வீடு திரும்பினார். மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பேசத்தான் வேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை, அவருக்கும் ஆறுவதற்கு நேரம் வேண்டும்.

2025 மார்ச் நிலவரம்

மே மாதத்துக்குப் பிறகு இரண்டு தடவை ஒரே ஒரு நாள் குடித்திருக்கிறார், இரண்டையும் மறுநாளே அவராகச் சொன்னார். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு இல்லை. ஃபோர்க்லிஃப்டுக்குத் திரும்பிவிட்டார். கடனில் பாதி அடைந்திருக்கிறது. பிப்ரவரி 11 தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கவில்லை, டாக்டரைக் கேட்டு விரதத்தைச் சுருக்கிக்கொண்டு பால்குடம் எடுத்தார். மனைவியின் இரத்த அழுத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. அவர் தனக்காகவும் ஒரு கிளினிக் அட்டை போட்டுக்கொண்டதை நான் பெரிய விஷயமாக எண்ணுகிறேன்.

மகள் இன்னும் அப்பாவோடு சரியாகப் பேசுவதில்லை. கல்லூரி விடுமுறைக்கு வருகிறாள், அம்மாவோடும் பாட்டியோடும் இருக்கிறாள், அவர் ஹாலுக்கு வந்தால் எழுந்து போகிறாள். அவசரப்படுத்தாதீர்கள் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் குடியை நிறுத்திவிட்டார் என்பதற்காக அவள் பட்டதெல்லாம் இல்லாமல் ஆகிவிடாது.

இனி எது மாறும்

செப்டம்பர் தொடங்கினால் எந்தக் குடும்பத்தைப் பார்த்தாலும் விரதம், நேர்த்திக்கடன், மாலை பற்றி இப்போது நேராகவே கேட்கிறோம். மூன்று கேள்விகள்: காலையில் குடிக்கிறாரா, குடிக்காத நாளில் நடுக்கமோ வியர்வையோ வருகிறதா, முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் மாலைக்கு முன்னால் டாக்டர். விரதத்தை யாரும் விடச் சொல்லவில்லை. மருந்தோடு பாதுகாப்பாக நிறுத்திய பிறகு மாலை போடட்டும், அதுவரை அவராகக் குறைக்கவோ நிறுத்தவோ முயல வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

பிள்ளைகளை முதல் மாதத்திலேயே சேர்க்கிறோம். இந்தக் குடும்பத்தில் பேச்செல்லாம் பெரியவர்களைச் சுற்றியே நடந்தது, கடைசியில் 999க்கு அடித்தவன் பையன். அதற்குப் பிறகு பல வாரம் அவன் அப்பா தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்திருக்கிறான். பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் மனைவி விஷயத்தைச் சொன்ன பிறகுதான் அவன் தூக்கம் சரியானது.

மருத்துவமனையில் கொடுத்த தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன, மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அதனால் குடி நிற்கும்போது எந்த மணி நேரத்தில் என்ன வரலாம், எது வந்தால் 999, வலிப்பின்போது என்ன செய்யக் கூடாது என்பதை ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, ஒரு மருத்துவரிடம் காட்டித் திருத்தி வைத்திருக்கிறோம். கீழே வன்முறைக்கு 15999, மனம் தாங்காத நேரத்தில் பேச 15555. அதை மாலை போடும் இடங்களில் ஒட்டிவைக்க அனுமதி கேட்டு இரண்டு கோயில் நிர்வாகங்களுக்கு எழுதினோம். ஒரு கோயில் சம்மதித்துவிட்டது, மற்றதில் 2025ஆம் ஆண்டுக் கூட்டத்தில் முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள்.